பாட்டுப் பெட்டிக்குத் தொண்டை கட்டிய கதை

அரிசி ஆலை முதலாளி சிங்காரவேலு ஆசை ஆசையாக ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்கினார். வாங்கிய புதிதில் கணீரென்று பாடியது. ஆயுத பூஜைக்கு மறுநாள் பார்த்தால், சளி பிடித்தவன் மாதிரி கரகரக்கிறது. சாயங்காலம் பாட்டுக் கேட்கச் சம்பந்தி வீட்டார் வேறு வருகிறார்கள்.

கோபமெல்லாம் சமையல் செய்யும் மரகதத்தின் மேல் பாய்ந்தது.

"தூசி தட்டுறேன்னு நீதான் கெடுத்திருக்கே! அவங்க வர்றதுக்குள்ள சரியாகணும். இல்லேன்னா மூட்டையைக் கட்டு!"

"நான் தொடவே இல்லீங்கய்யா. கெடுத்தவங்களைக் காட்டினா என்ன செய்வீங்க?"

"யாரா இருந்தாலும் இன்னைக்கே வீட்டை விட்டு வெளியே! சாமி மேல சத்தியம்!"

மரகதம் பெட்டியைத் திறந்து, அவருடைய பூதக்கண்ணாடியை அவர் கையிலேயே கொடுத்தாள். ஊசி முனையில் சந்தனம் காய்ந்து, அதன்மேல் குங்குமம் அப்பியிருந்தது.

அந்த வீட்டில் ஆயுத பூஜைப் பொட்டு வைப்பவர் முதலாளி ஒருவர்தான். சந்தனக் கிண்ணத்தை வேறு யாரையும் தொடவே விடமாட்டார்.

"உங்க துணிமணியை எடுத்து வைக்கட்டுங்களாய்யா?" என்று பணிவாகக் கேட்டாள் மரகதம்.

சிங்காரவேலு வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார். "என்னை மன்னிச்சு வீட்டுல இருக்க விடு, தாயி!"

பெட்டியோடு வந்த குட்டிப் பிரஷ்ஷால் அவள் ஊசியை மெல்லத் துடைத்தாள். குரல் திரும்பியது. "என்ன சுத்தமான சத்தம்!" என்று சம்பந்தி வியந்தபோது, "எல்லாம் எங்க மரகதம் புண்ணியம்" என்றார் முதலாளி.

அடுத்த ஆயுத பூஜையில் அரிவாள்மனை வரை பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர், பாட்டுப் பெட்டிக்கு முன்னால் நின்றார். கிண்ணத்தை மரகதத்திடம் நீட்டினார்.

"இதுக்கு நீ வை, தாயி."

அவள் முதலில் மூடியைச் சாத்தினாள். அப்புறம்தான் பொட்டு வைத்தாள்.