எத்தனை விநாடி

குன்றின்மேல் இருந்த அந்த மடத்துக்குக் கம்பிவழி இணையம் எட்டவில்லை. சிம் அட்டை செருகிய வெள்ளைப் பெட்டி ஒன்றுதான் சன்னலோரம் இருந்து, எதிர்மலைக் கைப்பேசிக் கோபுரத்திலிருந்து இணையத்தை வாங்கித் தந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மாசிலாமணியுடையது. அறுபத்திரண்டு வயது, மடத்துக்கு வந்து ஐந்து மாதம். மடத்தலைவி ஞானாம்பிகை அம்மையார் அவரைவிட இருபது வயது இளையவர்.

அன்று காலை அவர் அம்மையார்முன் கைகட்டி நின்றார்.

"எனக்குத் துறவு குடுத்துடுங்கம்மா. வர்ற பௌர்ணமிக்கே."

"என்ன அவசரம் ஐயா?"

"பேரு, ஊரு, உறவு எல்லாம் அழியணும். பெத்த பொண்ணு என்னைக் கேக்காமக் கல்யாணம் பண்ணிக்கிட்டா. நாலு வருஷமா பேசல. இன்னும் அவ நெனப்பு போகமாட்டேங்குது."

அம்மையார் சன்னலைக் காட்டினார். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"பதினோரு மணிக்குப் பாடம். வெளியூர்ல காத்திருப்பாங்க. முதல்ல அதைப் பாருங்க."

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. வாழ்க்கையைப் பற்றிக் கேட்டால் டப்பாவைப் பற்றிச் சொல்கிறாரே! குண்டூசியைப் பெட்டியின் பின்புறத் துளையில் விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளிருந்த பொத்தானை அழுத்தினார். விளக்குகள் அணைந்தன; பிறகு ஒவ்வொன்றாக எரிந்தன. சிவப்பு போயிற்று. ஆனால் மடத்துக் கணினி உட்பட ஒன்றும் அதனோடு இணையவில்லை.

அம்மையார் வந்து பார்த்தார்.

"எத்தனை விநாடி அழுத்தினீங்க?"

"எண்ணலம்மா. எல்லாம் அணையற வரைக்கும்."

"மூணு விநாடின்னா தூங்கி எழுந்திருக்கும். பத்தைத் தாண்டினா எல்லாத்தையும் மறந்துடும்." குண்டூசியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "நல்லாத்தான் அழுத்தியிருக்கீங்க. வளைஞ்சே போச்சு."

பாடம் நடக்கவில்லை.

மாசிலாமணி பெட்டியைக் கவிழ்த்தார். தொழிற்சாலையில் இட்ட பெயரும் கடவுச்சொல்லும் அடியில் ஒட்டிய சீட்டில் இருந்தன. அவற்றைக் கொண்டு உள்ளே நுழைந்து, ஐந்து மாதமாகச் சேர்த்த அமைப்புகளை ஒவ்வொன்றாக மீண்டும் பதித்தார். பச்சை விளக்கு நிலைத்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

"என்னென்ன போச்சு ஐயா?"

"நாம வச்ச பேரு, கடவுச்சொல், யார் யார் சேரலாம்ங்கற பட்டியல். எல்லாம்."

"எது போகல?"

"சிம் அட்டைக்கு ஒண்ணும் ஆகல. நம்பர் பழைய நம்பர்தான்."

"மூணு விநாடி அழுத்திப் பாத்திருந்தா?"

அவர் தலைகுனிந்தார். "சரியாயிருக்கலாம். கோவத்துல தோணல."

பெட்டியைச் சன்னலோரம் திரும்ப வைத்தார். பிறகு அவரே கேட்டார்.

"அப்ப என் துறவு என்னாச்சும்மா?"

"பொண்ணோட நம்பர் இருக்கா?"

"போன்லேர்ந்து அன்னிக்கே அழிச்சிட்டேன்." தயங்கினார். "ஆனா மனப்பாடம்."

அம்மையார் வளைந்த குண்டூசியை நிமிர்த்தி, பெட்டியின்மேல் வைத்தார்.

"மூணு விநாடி பேசிட்டு வாங்க ஐயா. பத்து எங்கயும் ஓடிப்போகாது."