ஈக்கள் வைத்த பெயர்

பலாமரக் காட்டில் செம்பி என்றொரு பெண் குரங்கு இருந்தது. அதன் குட்டிக்கு இரண்டு கண்ணும் மங்கிக்கொண்டே வந்தன. தாயின் மடி எது, கிளை எது என்று தடவித் தடவித்தான் அது தெரிந்துகொண்டது.

செம்பி வைத்தியர் கருமந்தியிடம் ஓடியது.

அந்தக் காட்டில் ஒவ்வோர் உயிருக்குள்ளும் முன்னோர் தந்த மரபு இழை ஒன்று நூலாய் ஓடியது. வாலுக்கு ஒரு முடிச்சு, குரலுக்கு ஒரு முடிச்சு என்று எல்லாம் அதில் இருந்தன. முடிச்சை இறுக்கவும் அவிழ்க்கவும் கருமந்திக்குத் தெரியும். எது எதற்கு என்பதுதான் தெரியாது. பழ ஈக்களோ தங்கள் முடிச்சுகள் அத்தனைக்கும் பெயர் வைத்திருந்தன.

கருமந்தி ஈக்களிடம் கேட்டுவிட்டுத் துள்ளி வந்தது.

"கண்டுபிடித்துவிட்டேன், செம்பி! ஈக்களிடம் 'குருடு' என்றொரு முடிச்சு இருக்கிறது. அதே பின்னல் உன் குட்டியிடமும் இருக்கிறது! அவிழ்த்துவிட்டால் குருடு போய்விடும்!"

"ஈயும் என் பிள்ளையும் ஒன்றா, வைத்தியரே?"

"பின்னல் ஒன்றுதானே! பெயரே சொல்கிறது, இன்னும் என்ன சந்தேகம்?"

முடிச்சு இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று என்று இரட்டையாக இருந்தது. கருமந்தி இடப்பக்கத்தை முதலில் அவிழ்த்தது.

குட்டி வீறிட்டது. "அம்மா! இந்தப் பக்கம் உன்னைக் காணோம்!"

செம்பி வைத்தியரின் கையைத் தட்டிவிட்டது. குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, ஈக்கள் மொய்த்த அழுகிய பலாப்பழத்திடம் ஓடியது. கருமந்தியும் பின்னால் ஓடிவந்தது.

"பாவிகளா! அது குருட்டு முடிச்சு என்றீர்களே!"

சிறகு கிழிந்த ஈ ஒன்று மெல்லச் சொன்னது: "பார்வை தரும் முடிச்சு அது, தாயே. தளர்ந்ததால்தான் உன் பிள்ளைக்குக் கண் மங்கியது. எங்களுக்கு ஆயுள் கொஞ்சம். இருப்பதை நின்று பார்க்க நேரமில்லை. ஒரு முடிச்சு அவிழ்ந்து, பிள்ளை குருடாய்ப் பிறக்கும்போதுதான் அப்படி ஒன்று இருந்ததே எங்களுக்குத் தெரிகிறது. அந்தத் துக்கத்தையே அதற்குப் பெயராக வைக்கிறோம். உன் வைத்தியர் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு போய்விட்டார்!"

"இப்போது நான் என்ன செய்வேன்?"

"அவிழ்ந்தது அவிழ்ந்ததுதான். மிஞ்சியதை இறுக்கச் சொல்."

கருமந்தி வலப்பக்க முடிச்சை இறுக்கியது. குட்டி வலக்கண்ணைத் திறந்து தாயின் முகத்தைத் தெளிவாகப் பார்த்தது, சிரித்தது.

செம்பி அதன் இடப்பக்கமாக நகர்ந்து, அது பார்க்காதபடி அழுதது.

பிறர் வைத்த பெயரை நம்பிக் கைவைக்கும் முன், அவர்கள் எதைக் கண்டு அப்பெயரை வைத்தார்கள் என்று கேட்டறிய வேண்டும்.