சுவரில் எழுதிய எடை

"ஒருத்தன் கள்ளன்னு தெரிஞ்சுபோச்சு. அவனைக் கையும் களவுமாப் பிடிக்க ஒரு வழி சொல்லுங்கம்மா" என்றார் பூதலிங்கம்.

இசக்கியம்மாள் கண்ணாடி ஜாடியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்ச பிறகு எதுக்கு அண்ணாச்சி பிடிக்கணும்?"

அந்தப் பதில் பூதலிங்கத்துக்குப் பிடிக்கவில்லை.

துறைமுகத்தை ஒட்டிய பெட்ரோல் டிப்போ அது. லாரிகளில் பெட்ரோல் ஏற்றும் மேடைக்குப் பூதலிங்கம் பொறுப்பு. வயது ஐம்பத்தாறு. இசக்கியம்மாள் பெட்ரோலைச் சோதிக்கும் அறையில் இருப்பவர், அவரைவிட இருபது வயது இளையவர். அந்த அறையை டிரைவர்கள் ஆசிரமம் என்பார்கள். உள்ளே போனவன் பேச்சைக் குறைத்துக்கொண்டு வெளியே வருவான்.

"யாரு?"

"டிரைவர் சூசை. நாலு நாளா, லோடுக்கு நூத்தி அறுபது லிட்டர்."

பூதலிங்கம் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மேடை மீட்டர் நிமிஷத்துக்கு எண்ணூத்தி எண்பத்தெட்டு கிலோ காட்டுது. சுவர்க் கணக்குல வகுத்தா ஆயிரத்து இருநூறு லிட்டர். பத்து நிமிஷம் ஓடுது. பன்னிரண்டாயிரம் இருக்கணும். தொட்டிக்குள்ள அளவுகோலை விட்டா பதினோராயிரத்து எண்ணூத்தி நாப்பதுதான் இருக்கு."

சுவர்க் கணக்கு என்பது மேடைச் சுவரில் சிவப்புப் பெயின்டில் எழுதிய ஓர் எண். 0.740. ஒரு லிட்டர் பெட்ரோல் அத்தனை கிலோ என்று அர்த்தம். மீட்டருக்குக் கிலோதான் தெரியும். லாரிக்கு லிட்டர்தான் தெரியும். நடுவில் அந்த எண்.

"எங்கே வச்சு எடுக்கான்?"

"அதான் பிடிபடல. ஏத்தி முடிச்சதும் அங்கேயே கோலை விடுதேன். லாரி ஒரு அடி நகரல. அதுக்குள்ள எடுத்துருதான்னா எப்பேர்ப்பட்ட கள்ளனா இருக்கணும்!"

இசக்கியம்மாள் ஜாடியைக் கவிழ்த்து வைத்தார்.

"தொட்டிக்குள்ள ரகசிய அறை இருக்கும். தட்டிப் பார்த்தேன், ஒரு பக்கம் சத்தம் வேற மாதிரி கேக்கு. புதுச் செருப்பு போட்டிருக்கான். இப்போல்லாம் என்னைக் கண்டா அவனே முதல்ல வணக்கம் சொல்லுதான்" என்றார் பூதலிங்கம்.

"இதுக்கு முன்னாடி எடுத்திருக்கானா?"

"மூணு வருஷம் முன்னாடி. தண்ணி பாட்டில்ல ரெண்டு லிட்டர். நான்தான் பிடிச்சேன். அன்னையிலேருந்து அவன் லாரியைக் கோல் விடாம ஒரு நாள் அனுப்பினதில்ல."

"கூடுதலா இருந்த நாள் உண்டா?"

"உண்டு. முப்பது, நாப்பது லிட்டர்."

"அன்னைக்கு யாரு ஊத்தினா?"

பூதலிங்கம் அவரை உற்றுப் பார்த்தார்.

"நீங்களும் அவனும் ஒரே ஊரா?"

"அவன் மணப்பாடு. நான் ஏரல்."

"பக்கம்தான்" என்றார் பூதலிங்கம்.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். மேனேஜருக்கு எழுதியது. சூசையின் கேட் பாஸைப் பறிக்கச் சொல்லி. பாஸ் போனால் அந்தக் கடற்கரையில் எந்த டிப்போவிலும் அவனை உள்ளே விடமாட்டார்கள். சூசையின் பெயர்மேல் மட்டும் இரண்டு முறை பேனா ஓட்டியிருந்தார்.

"கொடுக்கிறதுக்கு முன்னாடி அடுத்த லாரியில கோலை விட்டுட்டு வாங்க."

"அடுத்தது நம்ம மாப்பிள்ளை லாரியாச்சே."

"அதுக்கும் மூடி இருக்குல்லா?"

அரைமணி கழித்துப் பூதலிங்கம் திரும்பி வந்தார்.

"எவ்வளவு?"

"பதினோராயிரத்து எண்ணூத்தி நாப்பது."

"சரி."

"என் மகளைக் கட்டிக் கொடுத்திருக்கேன்மா!" கோலைச் சுவரில் சாய்த்தார். "சூசைகூடச் சேர்ந்து அவனும் கெட்டுட்டான்."

"அதுக்கு அடுத்த லாரி?"

"அதையும் பார்த்தேன். அதே அளவு." நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "மொத்த டிப்போவும் கூட்டு."

இசக்கியம்மாள் சிரிக்கவில்லை. ஜாடியை எடுத்து நீட்டினார்.

"சூசை லாரி கேட்ல நிக்கு. நீங்களே ஒரு ஜாடி பிடிச்சுட்டு வாங்க. நான் தொடல."

பிடித்து வந்தார். இசக்கியம்மாள் அதில், லிட்டருக்கு எத்தனை கிலோ என்று காட்டும் கண்ணாடி மிதவையை விட்டார். அது ஆடி ஆடி நின்றது. பூதலிங்கம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

0.750.

"இந்த மிதவை சரியானதா?"

வேறொன்று கொடுத்தார். 0.750.

"இதை யாரு வாங்கினது?"

மூன்றாவதும் கொடுத்தார். அதுவும் அங்கேயே நின்றது.

"நாலு நாளைக்கு முன்னாடி புதுக் கப்பல் வந்துச்சு. இந்தப் பெட்ரோல் கொஞ்சம் கனம். தினம் காலையில எழுதி அனுப்புதேனே, அண்ணாச்சி?"

"சீட்டு வரும். அதான் சுவர்ல இருக்கேன்னு பிரிக்கிறதில்ல."

இசக்கியம்மாள் கையை நீட்டினார். பூதலிங்கம் புரியாமல் கடிதத்தைக் கொடுத்தார். அவர் அதைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் பேனாவை அழுத்தி எழுதினார்.

8880 ÷ 0.750 = 11840.

பூதலிங்கம் படித்தார். விரல் விட்டு ஒருமுறை வகுத்துப் பார்த்தார். காகிதத்தைத் திருப்பினார். பின்பக்கத்து மை ஊறி, சூசையின் பெயர் வாசிக்க முடியாமல் ஆகியிருந்தது.

"சுவர்ல அந்த எண்ணை எப்போ எழுதினீங்க?"

"ஆச்சு, மூணு வருஷம்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சூசையைப் பிடிச்ச அதே வாரம்."

வெளியே, லாரியின் ஏணி மேலிருந்து சூசையின் குரல் கேட்டது.

"அண்ணாச்சி, சோதிச்சாச்சா? மூடியைச் சாத்தலாமா?"

பூதலிங்கம் எழுந்து கதவு வரைக்கும் போனார்.

"சாத்துய்யா. பார்த்துப் போ."

கடிதத்தை நான்காக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார்.

"சிவப்புப் பெயின்ட் கொஞ்சம் மீதி இருக்கும்மா. பழசை அழிச்சுட்டு இந்த எண்ணைப் பெரிசா எழுதிருதேன்."

இசக்கியம்மாள் மேசை டிராயரைத் திறந்து ஒரு சாக்பீஸை எடுத்து நீட்டினார்.