மூணாவது நம்பர்

"நான் ஒண்ணும் கெடுக்கல சார். நீங்க குடுத்த புரோகிராம்ல ஒரு புள்ளியக்கூட நான் தொடல. உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஓடுதுன்னா அது உங்க கம்ப்யூட்டரோட குணம். ப்ரவுசர்ல நின்னு போகுதுன்னா நான் என்ன செய்ய? அது கால்ல விழவா?"

பேச்சி விரல எடுத்தா. பேசினது வாட்ஸப் குரூப்புக்குப் போயிட்டு.

ஆத்தங்கரை ஊர்த் தலைவருங்க எல்லாரும் அந்த குரூப்புல இருந்தாங்க. அணை ஆபீஸ் கனகராயன் சாரும் இருந்தாரு. அணையத் திறந்தா எந்த ஊருக்கு எப்ப தண்ணி வரும்னு கணக்குப் போடுற புரோகிராம் அவரு எழுதினது. பல வருஷமா ஆபீஸ்ல ஓடுது. பேச்சி அத ப்ரவுசர்ல ஓடுற மாதிரி மாத்தி கம்பைல் பண்ணிக் குடுத்தாச்சுன்னா, ஊர்க்காரங்க அவங்கவங்க போன்லயே பாத்துக்கிடலாம்.

ஐப்பசி பொறந்துட்டு. மழை எப்ப வேணாலும் பிடிக்கும்.

கம்பைல் ஒழுங்காத்தான் ஆச்சு. ஓட விட்டா பாதியில செத்துச்சு. ஒவ்வொரு தடவையும் அதே எடம், அதே எரர்: பொருந்தல.

என்ன பொருந்தலன்னு அது சொல்லித் தொலைக்காது. பேச்சி கம்பைலர மாத்திப் பாத்தா. ப்ரவுசர மாத்திப் பாத்தா. பாத்ரூம்ல போயி அழுதும் பாத்தா.

பேச்சி வேலை பாக்குற காலேஜ் லேபுக்கு ரெஜினா மேடம் பொறுப்பு. பேச்சிய விடக் கொஞ்சம்தான் மூப்பு. கேள்வி கேட்டா சன்னலப் பாப்பாங்க. அதுக்கே பாதிப் பேரு வேற லேபுக்கு ஓடிட்டாங்க.

"மேடம், என்னால முடியாது. நான் கழண்டுக்கிடுதேன்."

"ம்."

"ம்முன்னா என்ன அர்த்தம்? அந்த மனுசன் ஊருக்கு முன்னால என்னய முட்டாளுங்காரு."

"என்ன செய்யச் சொல்லுதாரு?"

"ஒரு ஆப்ஷன் இருக்கு. அதப் போட்டா, பொருந்தாததையும் பொருந்தினதா நெனச்சுக்கிட்டு ப்ரவுசர் வாய மூடிக்கிட்டு ஓடும். அதப் போட்டு இன்னைக்கே முடிங்காரு. போட்டுரவா?"

மேடம் எந்திரிச்சு போர்டுக்குப் போனாங்க. ஒரு நம்பர எழுதினாங்க.

"அணையில திறந்த தண்ணி."

பக்கத்துல இன்னொண்ணு.

"ஊருக்குத் தூரம்."

சாக்பீஸக் கீழ வச்சாங்க.

"கள்ளிவயலுக்குத் தண்ணி எப்ப வரும்?"

"மூணாவது எங்க? கள்ளிவயலுக்கு முன்னால ஓடை வந்து ஆத்துல சேருதுல்லா? ஓடைத் தண்ணி எவ்வளவுன்னு சொல்லுங்க."

மேடம் அதே ரெண்டு நம்பரத் தொட்டுக் காட்டினாங்க. "எப்ப வரும்?"

"மேடம், காது கேக்குதா இல்லையா? மூணு நம்பர் இருந்தாத்தான் கணக்கு. ரெண்டக் குடுத்துட்டு சொல்லு சொல்லுன்னா? நான் சொல்ல மாட்டேன். நேரத்தத் தப்பாச் சொன்னா அங்க உசுரு போகும்."

"ஆபீஸ் கம்ப்யூட்டர் சொல்லிச்சு."

பேச்சி போர்ட இன்னொரு தடவ பாத்தா.

சீட்டுக்குப் போயி புரோகிராமத் தொறந்தா. கணக்குப் போடுற எடம் மூணு நம்பர் கேட்டுச்சு. அதக் கூப்பிடுற எடம் ரெண்டுதான் குடுத்துச்சு. நடுவுல பக்கம் பக்கமா கோடிங். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு யாரும் பாத்ததே இல்ல.

"அப்ப மூணாவதுக்கு ஆபீஸ் கம்ப்யூட்டர் எத எடுத்துச்சு?"

"அந்த எடத்துல கெடந்தத."

"என்ன கெடந்துச்சு?"

"முன்ன எந்த ஊருக்குக் கணக்குப் போட்டுச்சோ, அதுல மிச்சம்." மேடம் கையத் தட்டி சாக்பீஸ் தூசிய உதறினாங்க. "சில நாளு அது சரியாக்கூட இருந்திருக்கும்."

போன கார்த்திகையில, அந்தப் புரோகிராம் போட்ட கணக்க வச்சு, சாயங்காலம் தண்ணி வரும்னு கள்ளிவயல்ல மைக் கட்டின ஆட்டோ சொல்லிட்டுப் போச்சு. புள்ளைங்க ஒரு வாய் தின்னுட்டுக் கெளம்பட்டும்னு ஜனங்க உலை வச்சாங்க. சோறு வடிக்கதுக்குள்ள தண்ணி வந்துட்டு.

பேச்சிக்கு ஹாஸ்டல் ரூம்மேட் சண்முகக்கனி. அவ அம்மா அந்தத் தண்ணியிலதான் போனாங்க. பஸ் ஆத்துப் பாலத்துல ஏறினா கனி இன்னைக்கும் கண்ண மூடிக்கிடுவா.

அப்புறம் கூட்டம் போட்டாங்க. கனகராயன் சார் எந்திரிச்சு, "நாங்க நேரம் சொன்னோம், ஜனங்கதான் அசையல"ன்னாரு. கனியும் அத நம்பினா. எங்கம்மா ஏன் சோத்தக் கட்டிக்கிட்டு அழுதுச்சுன்னு அம்மாவையே ஏசினா.

"மேடம்."

"ம்."

"மூணாவத நான் சேத்துட்டா ப்ரவுசர் ஓடும். நேரம் சரியா வரும்."

"வரும்."

"கனிகிட்ட நான் என்ன சொல்ல?"

மேடம் சன்னலப் பாத்தாங்க.

பேச்சியோட போன் அடிச்சுது. கனகராயன் சார். ஆப்ஷனப் போட்டாச்சான்னு கேக்கத்தான் இருக்கும். கட் பண்ணினா. திரும்பவும் அடிச்சுது. திரும்பவும் கட் பண்ணினா. குரூப்பத் தொறந்து மைக்க அழுத்தினா. குரல் ஒசரவே இல்ல.

"சார், தனியா கூப்பிடாதீங்க. உங்க புரோகிராம் மூணு நம்பர் கேக்குது, நீங்க ரெண்டுதான் குடுத்திருக்கீங்க. ப்ரவுசர் அதுக்குத்தான் நின்னுச்சு. போன கார்த்திகையில கள்ளிவயலுக்கு சாயங்காலம்னு சொன்னீங்கல்லா. அன்னைக்கு அந்த மூணாவது எடத்துல எந்த ஊரு நம்பர் கெடந்துச்சு? கள்ளிவயல் தலைவரும் இங்கதான் இருக்காரு. எல்லாரும் கேக்கட்டும். இங்கயே சொல்லுங்க."