புள்ளி நின்ற இடமும் வண்டி வரும் இடமும்

"குருவே, இந்தப் புள்ளி நகரவே மாட்டேங்குது," என்றார் சந்தானம்.

குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். இது மலையடிவாரத்து ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை. மலைச்சாலையில் ஓடும் லாரி உட்பட எல்லா வண்டிகளின் இருப்பிடத்தையும் கணினித் திரையில் புள்ளியாகக் காட்ட முறை அமைத்தவர் இன்பவல்லி. கெட்டிக்காரி என்றால் அப்படியொரு கெட்டிக்காரி. நாங்கள் வைத்த பெயர்தான் குரு. புதிதாகச் சேர்ந்த சீடர் சந்தானத்துக்கு அவரைப்போல இரண்டு மடங்கு வயது.

"ஏன் நகரணும் சார்?"

"வண்டி ஓடுதே."

"முன்னே எல்லா வண்டியும் நொடிக்கு நொடி 'இங்கே இருக்கேன், இங்கே இருக்கேன்'னு கத்திட்டிருந்துச்சு. மலையில இருக்கிறது ஒரே டவர். அவசரச் செய்தி வந்து சேரலை. இப்போ எந்தச் சாலை, எந்தப் பக்கம், என்ன வேகம்னு ஒரு தடவை சொல்லும். மாறினாத்தான் மறுபடி சொல்லும்."

"மாறலைன்னா?"

குரு டீயை ஆற்றிக் குடித்தார்.

அன்று மத்தியானமே வந்தது சோதனை. பூரணம் என்ற பெண்ணை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் மலையிலிருந்து இறங்கியது. வயிற்றில் குழந்தை குறுக்கே கிடந்தது. சீக்கிரம் ஆபரேஷன் செய்தால்தான் இரண்டு உயிரும் பிழைக்கும்.

கீழேயிருந்து ஒரு மூங்கில் லாரி ஏறிக்கொண்டிருந்தது. குறுகல் சாலை. இரண்டு வண்டி ஒதுங்க நடுவில் ஓர் அகல வளைவு மட்டும் உண்டு.

திரையில் இரண்டு புள்ளிகளும் ஒட்டிக்கொண்டு நின்றன.

சந்தானம் பதறிப்போய் லாரிக்குப் போன் போட்டார். "அப்படியே நிறுத்துங்க, எதிர்ல வண்டி வருது."

லாரி குறுகலில் நின்றது. அங்கே நின்றால் ஆம்புலன்ஸுக்கு வழியே இல்லை.

குரு மேசையில் கிடந்த சார்ஜர் வயரை வளைத்து வளைத்து மடித்தார். பக்கத்துப் பக்கத்து மடிப்புகளில் சந்தானத்தின் இரண்டு கைகளையும் வைத்தார்.

"பிடிச்சுக்குங்க சார்."

விரல்கள் உரசிக்கொண்டிருந்தன. வயரை இழுத்தார். கைகள் விலகின.

"மேல் வளைவுல ஆம்புலன்ஸ், கீழ் வளைவுல லாரி," என்று முனகினார் சந்தானம். "நடுவுல இவ்வளவு சாலையா கிடக்கு?"

"வண்டி பறக்காதே சார்."

"இப்போ எங்கே வருது? ஓட்டுறப்போ ஆம்புலன்ஸ் டிரைவருக்குப் போன் பண்ணக்கூடாதுன்னு வேற சொல்லியிருக்கீங்க. அது ஒண்ணுமே சொல்லலையே."

"ஆமா. ஒண்ணுமே சொல்லலை."

சந்தானம் குருவைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "அதே சாலை, அதே வேகம்..." என்று உதடுகள் கணக்குப் போட்டன. மறுபடி லாரிக்குப் பேசினார்.

"அண்ணே, எடுங்க. அகல வளைவு வரைக்கும் ஏறி ஓரங்கட்டுங்க."

"எதிர்ல வண்டி வருதுன்னீங்களே?"

"அது வர்றதுக்குள்ள நீங்க போயிடுவீங்க. நம்பி வாங்க."

அந்தக் கணக்கைக் குரு சரிபார்க்கக்கூட இல்லை. எனக்கு அந்தத் துணிச்சல் இந்த ஜென்மத்தில் வராது.

கொஞ்ச நேரத்தில் லாரிக்காரர் கூப்பிட்டார். "ஒதுங்கி நின்னேன். ஆம்புலன்ஸ் தாண்டிப் போயிடுச்சு சார்."

அதன்பின் வெகுநேரம் சந்தானம் கண்ணை மூடி, வண்டி எந்த வளைவில் வரும் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரிக்கு என்ன சொல்லட்டும் சார்?" என்று சீடரிடம் கேட்டார் குரு.

புள்ளி பழைய இடத்திலேயே நின்றது. சந்தானம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"கேட்டைத் திறக்கச் சொல்லுங்க."

குரு போன் செய்தார். வாட்ச்மேன் ஹலோ சொல்வதற்குள் போனிலேயே சைரன் கேட்டது.