ஒச்சம்மாவும் நின்னுபோன கழுதையும்

ஒரு மலையடிவாரத்துல ஒரு உப்புக்காரி இருந்தா. பேரு ஒச்சம்மா. கழுதை மேல உப்பு மூட்டை ஏத்தி மலையூருக்குக் கொண்டுபோறது அவ பொழைப்பு. நடுநடுவுல "ம்" கொட்டணும், எங்க ஒரு "ம்" சொல்லு... ஆங்.

அவ மக பேச்சி அந்த மலையூர்லதான் வாக்கப்பட்டிருந்தா. நிறைமாசம். மழை புடிச்சா பாதை அடைஞ்சுபோகும், அதுக்குள்ள பேறுகால மருந்தோட மேல போயிடணும். அந்த நேரம் பார்த்து கிழட்டுக் கழுதை செத்துப்போச்சு. ஒச்சம்மாவுக்கு அழக்கூடத் தெம்பில்லை.

அப்புறம் சந்தைக்குப் போனா. கழுதை யாவாரி, "மூணு சாதி இருக்கு ஆத்தா, ஒவ்வொண்ணா ஏத்திப் பாரு"ன்னான்.

மொதல்ல வடக்கத்தி வெள்ளைக் கழுதை. குதிரை உசரம், பச்சப்புள்ளை கொணம். கிளம்புறப்போ உப்புக்காரங்க வழக்கப்படி அது நாக்குல ஒரு கிள்ளு உப்பு வச்சா. நல்லாத்தான் நடந்துச்சு. ஆனா சமதரையில பழகுன காலு, பாறை வந்ததும் சர்ர்ருனு வழுக்கி உக்காந்துடுச்சு. பாவம், திருப்பிக் கூட்டியாந்தா.

மறுநாள் பாலைவனத்துப் பழுப்புக் கழுதை. அதுக்கும் உப்பு. டக்கு டக்கு டக்குனு ஒரே ஓட்டம்! தண்ணி பாக்காத சாதியாச்சே, ஓடையைப் பார்த்ததும் மிரண்டு ஒரு துள்ளு. தடால்! உப்பு அம்புட்டும் கரைஞ்சுபோச்சு. ஒச்சம்மா காலை இழுத்துக்கிட்டு வீடு வந்தா. எனக்கே கொட்டாவி வருது, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

மூணாவது நம்மூர் சாம்பக் கழுதை. கட்டை குட்டை, முதுகுல கறுப்புக் கோடு. இருந்த அலுப்புல உப்பு வைக்க மறந்துட்டா. அது பாட்டுக்கு முக்காவாசி மலை ஏறிடுச்சு. அப்போ கம்முனு மூடுபனி இறங்குச்சு. கழுதை நின்னுபோச்சு.

"உப்பு வைக்கலைன்னு கோவமாடி?" ஒரு கை நிறைய நீட்டுனா. நக்குச்சு, நகரலை. இழுத்தா. தள்ளுனா. ம்ஹூம். "எம்மக தனியாக் கெடப்பாளே"ன்னு அழுதா. அழுதபடியே அது வயித்துல சாஞ்சு கண்ணசந்துட்டா.

பனி விலகுச்சு. முழிச்சுப் பார்த்தா, நாலடி முன்னால பாதையே இல்லை! மலை சரிஞ்சு கிடுகிடு பள்ளம். மத்ததெல்லாம் பயந்தா ஓடும், இந்தச் சாதி பயந்தா நிக்கும். ஒச்சம்மா அது கழுத்தைக் கட்டிக்கிட்டா.

அப்புறம் சுத்துப் பாதையில போய்ச் சேர்ந்தா. அப்பத்தான் பேச்சிக்கு வலி கண்டிருந்துச்சு.

"ஏன் ஆத்தா இம்புட்டு நேரம்?"

"இவ நின்னா, நானும் நின்னேன்."

மருந்து அரைச்சுக் குடுத்தா. ங்கே ங்கேன்னு பேத்தி பொறந்தா. அப்புறம் ஒச்சம்மா கழுதை பக்கத்துலயே வைக்கோல்ல சாஞ்சு தூங்கிட்டா.

கழுதையும் படுத்துடுச்சு, கதையும் படுத்துடுச்சு. நீயும் கண்ணை மூடு.