மாற்றி வாசித்த கடைசிப் பக்கம்

சத்தியம், சத்தியம், அத்தனையும் சத்தியம். இதில் ஒரு சொல் பொய்யென்றால் மீசையை ஒரு பக்கம் மட்டும் மழித்துக்கொண்டு தென்காசிச் சந்தையில் நடக்கிறேன்.

கடையம் பக்கத்து ஊர் ஒன்றில் மூன்று பெண்கள் சேர்ந்து பீடி சுற்றுவார்கள். சைனம்பு புத்தகம் வாசிப்பாள். அவள் பங்குப் பீடியை மற்ற இருவரும் சுற்றித் தருவார்கள். வாசிக்கிறவள் சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது என்பது அவர்கள் வைத்த சட்டம். சைனம்பு குரலெடுத்தால் வாசலில் நிற்கும் ஆடு அசைபோடுவதை நிறுத்திவிடும்.

நூலகத்தில் புத்தகம் எடுத்து வருகிறவள் ஞானசெல்வம். பெண் விடுதலை பற்றி எது கிடைத்தாலும் விடமாட்டாள். முதலில் கனத்த கட்டுரைப் புத்தகம் ஒன்றைத் தூக்கி வந்தாள். வீட்டு வேலையும் வேலைதான் என்று அது விளக்க ஆரம்பித்ததும் சுவரில் இருந்த பல்லி தூங்கிக் கீழே விழுந்தது.

"இதைச் சொல்ல ஒரு புத்தகமாட்டி? எங்கிட்ட கேட்டா நானே சொல்லுவேன். கதை கொண்டா" என்றாள் மூன்றாமவள் இசக்கி.

அடுத்து நாவல் வந்தது. அதில் ஒருத்தி அடி தாங்காமல் புருஷன் வீட்டைவிட்டுக் கிளம்பினாள். இசக்கியும் அப்படித் தாய்வீடு வந்திருந்தவள்தான். வெள்ளிக்கிழமை அவளை அழைத்துப்போக மாமியார் வீட்டார் வருவதாக இருந்தது.

"அவ என்ன செய்யுதாளோ அதையே நானும் செஞ்சிருதேன்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் பீடியில் நூலைச் சுற்றாமல் கை நின்றுவிட்டது.

கடைசிப் பக்கத்தைச் சைனம்புவின் கண் முந்திக்கொண்டு பார்த்துவிட்டது. கதையில் வருகிறவள் தலையைக் குனிந்தபடி புருஷன் வீட்டுக்கே திரும்பினாள். சைனம்பு சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். பிறகு குரல் மாறாமல் வாசித்தாள்: அவள் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கினாள்; வாடகைக்கு ஓர் அறை பிடித்தாள்; தனக்கென்று உலை வைத்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தவர்களை, "வரல" என்று ஒற்றைச் சொல்லில் அனுப்பிவிட்டாள் இசக்கி.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் ஞானசெல்வம் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். நேரே சைனம்புவிடம் வந்தாள்.

"அவளுக்குப் பதிலா நீ முடிவெடுத்துட்டியேக்கா. அவ புருஷனும் அதைத்தான செஞ்சான்?"

"அவன் அடிச்சான், செல்வம். நான் வாசிச்சேன்."

"அவகிட்ட சொல்லணும்."

"சொன்னா போயிருவாளேட்டி."

ஞானசெல்வம் சொல்லிவிட்டாள். சைனம்பு தலை நிமிரவில்லை. இசக்கி ஒரு கட்டு பீடி இலையை நறுக்கி முடித்தாள்.

"அந்தப் பொம்பளைக்கு உங்களை மாதிரி ரெண்டு பேரு வாய்க்கல போல" என்றாள் கடைசியில். அவள் போகவில்லை.

மாற்றி வாசித்த சைனம்பு, அதைப் போட்டு உடைத்த ஞானசெல்வம். இருவரில் யார் செய்தது சரி?

என்னைக் கேட்டால் ஞானசெல்வம். முதலில் 'வரல' என்றது சைனம்பு கட்டிய கதையை நம்பி. நிஜம் தெரிந்த பிறகும் இருந்துவிட்டாளே, அதுதான் இசக்கி தானே எடுத்த முடிவு. ஆனால் அன்றைக்குப் புத்தகம் என் கையில் இருந்திருந்தால், நானும் சைனம்பு மாதிரிதான் வாசித்திருப்பேன்.

சொன்னது நான் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். சைனம்பு காதுக்கு எட்டினால், அடுத்த நாவலில் என்னைக் கொன்றுவிடுவாள்.